பெட்டியில் வந்த கலவைப் புத்தகங்களைப் படிப்பகத்தில் அடுக்குவது எப்படி: முழுமையான வழிகாட்டி

வீடு மாற்றும்போதும், பெரியவர் ஒருவர் காலமான பிறகும், படிப்பகத்து வாசலில் அட்டைப்பெட்டிகள் வந்து இறங்கும். திறந்தால் எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கும். தொழிற்சாலை விபத்தின் உண்மையைத் தோண்டி எடுத்த புலனாய்வு நூல் ஒன்று, ஓரத்தில் சிவப்புச் சாயம் பூசிய தேவாலயப் பாட்டுப் புத்தகம் மூன்று, தேவாரத்தில் ஏழாம் திருமுறை மட்டும், போர்முனைக்குப் போனவனுக்காகக் காத்திருக்கும் பெண்ணின் கதை சொல்லும் பழைய நாவல்கள் ஒரு கட்டு.

புலனாய்வு நூல், பாட்டுப் புத்தகம் (தேவாரமும் இதில்தான்), நாவல்: இந்த மூன்று வகையையும் ஒரே மாதிரி நடத்தினால் மூன்றும் கெடும். நாவலை இரவில் கையில் பிடித்துக்கொண்டு ஒரே மூச்சில் படிக்கிறார்கள். பாட்டுப் புத்தகத்தை வாரத்துக்கு இரண்டு மூன்று தடவை, ஐந்தைந்து நிமிடம், மேசையிலோ ஆர்மோனியத்தின் மேலோ விரித்து வைக்கிறார்கள். புலனாய்வு நூலைத் தேடி வருகிறவருக்கு வேண்டியது பெரும்பாலும் ஒரு தேதி, ஒரு பெயர், ஒரு ஆவணம். கிழிகிற இடம் வேறு, கேட்கிற விதமும் வேறு. "அந்த விஷவாயு புத்தகம் இருக்கா?" "236-ஆம் பாட்டு எந்தப் புத்தகத்துல?" "பர்மா சண்டை நேரத்துல நடக்கிற கதை வேற இருந்தா குடுங்க." இவற்றுக்கு ஒரு நிமிடத்துக்குள் பதில் கிடைக்கிற மாதிரி அடுக்குவதுதான் வேலை. கீழே சொல்லும் முறை 100 முதல் 3,000 புத்தகம் வரை உள்ள இடங்களுக்குப் பொருந்தும். மென்பொருள் கட்டாயமில்லை, கெட்டி அட்டை போட்ட இரண்டு நீள நோட்டும் கொஞ்சம் அட்டைத் துண்டுகளும் போதும்.

1. பெட்டியை உள்ளே கொண்டுபோவதற்கு முன்

புதிதாக வந்த பெட்டியை அலமாரி இருக்கும் அறைக்குள் கொண்டுபோகாதீர்கள். திண்ணையிலோ தனி அறையிலோ வைத்துத் திறங்கள். தரையில் வெள்ளைத் துணி விரித்து, ஒவ்வொரு புத்தகத்தையும் தலைகீழாகப் பிடித்து மெல்லத் தட்டுங்கள். துணியில் விழுவதைப் பார்த்தாலே பாதி விஷயம் தெரிந்துவிடும்.

அட்டையின் மேல்தோல் சுரண்டியது போலிருந்து, எழுத்தெல்லாம் அங்கங்கே மங்கியிருந்தால் அது இராமபாணப் பூச்சி. அதற்குப் பசையும் மாவும்தான் தீனி. ஊசி குத்தியது போல வட்டத் துளைகள் பக்கம் பக்கமாகத் தொடர்ந்து, துணியில் மாவு போலத் தூள் விழுந்தால் உள்ளே வண்டுப் புழு இருக்கிறது. மண் ஒட்டிய கோடு இருந்தால் கரையான். அந்தப் புத்தகத்தை மட்டுமல்ல, பெட்டியையும் உடனே அப்புறப்படுத்துங்கள்.

புழு உள்ள புத்தகத்துக்கு மருந்து அடிப்பதைவிடக் குளிர் நல்லது. புத்தகம் நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். கனமான பாலித்தீன் பையில் போட்டு, காற்றை அமுக்கி வெளியேற்றி, வாயை டேப் போட்டு ஒட்டி, வீட்டு ஃப்ரீசரில், அதாவது மைனஸ் 18 டிகிரியில், 2 வாரம் வையுங்கள். வெளியே எடுத்ததும் பையைத் திறக்கக் கூடாது. இந்த இடத்தில்தான் பெரும்பாலும் தவறு நடக்கிறது. குளிர்ந்த தாள் நம் ஊர் ஈரக் காற்றைத் தொட்டால், ஐஸ் தண்ணீர் தம்ளருக்கு வெளியே வியர்ப்பது போலப் பக்கங்கள் வியர்த்துவிடும். பூச்சி போய்ப் பூஞ்சை வரும். ஒரு முழு நாள் அப்படியே விட்டு, அறையின் சூட்டுக்கு வந்த பிறகு பிரியுங்கள்.

பூஞ்சை பிடித்த புத்தகத்தை மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு, வெளியில் நிழலில் வைத்து, மென்மையான பிரஷ்ஷால் உங்களை விட்டு வெளிப்புறமாகத் தள்ளித் துடையுங்கள். ஈரத் துணி கூடாது. மொட்டைமாடி வெயிலில் காயப்போடும் பழக்கத்தையும் விட்டுவிடுங்கள். அட்டை வளைந்து போகும், தாள் மொறமொறப்பாகும். மின்விசிறிக்குக் கீழே, பக்கங்களை லேசாக விரித்து நிறுத்தி வைத்தால் போதும்.

2. எதை வைத்துக்கொள்வது

இரட்டைப் பிரதி என்றால் ஒன்றைக் கழித்துவிடலாம் என்பது நாவலுக்குச் சரி. மற்ற இரண்டுக்கும் சரியல்ல.

பாட்டுப் புத்தகத்தில் ஒரே பதிப்பின் பிரதி எத்தனை வந்தாலும் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பாடகர் குழுவுக்கு 15, 20 பிரதி வேண்டும். எல்லாவற்றிலும் பாட்டு எண் ஒன்றாக இருக்க வேண்டும். பதிப்பு மாறினால் எண்ணும் மாறலாம். பலகையில் எழுதிய எண்ணுக்கு ஆளுக்கொரு பாட்டைத் திறந்து நிற்கும் குழப்பம் இதனால்தான். அட்டையின் நிறத்தைப் பார்த்து ஒரே பதிப்பு என்று முடிவு செய்யாதீர்கள். முதல் பாட்டு, நடுவில் ஏதாவது ஒரு பாட்டு, கடைசிப் பாட்டு, இந்த மூன்றின் எண்ணும் முதல் அடியும் ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள்.

புலனாய்வு நூலில் பழைய பதிப்பும் புதிய பதிப்பும் சேர்ந்து வந்தால் இரண்டையும் வைத்துக்கொள்வதே நல்லது. வழக்குக்குப் பிறகு சில பத்திகள் நீங்கியிருக்கலாம். புதிதாகப் பின்னுரை சேர்ந்திருக்கலாம். பதிப்பு விவரப் பக்கத்தில் 'மறுஅச்சு' என்றிருந்தால் உள்ளடக்கம் அநேகமாக அதுவே. 'திருத்திய பதிப்பு', 'விரிவாக்கப்பட்ட பதிப்பு' என்றிருந்தால் அதை வேறு புத்தகமாகவே நினையுங்கள்.

அடுத்து, பக்கம் முழுதாக இருக்கிறதா என்று பாருங்கள். ஒவ்வொரு பக்கமாக எண்ண வேண்டாம். தமிழ்ப் புத்தகங்கள் பெரும்பாலும் 16 பக்க ஃபாரங்களாக, அதாவது மடித்த தாள் கட்டுகளாக, அச்சாகின்றன. 16, 32, 48, 64 என்று தாவித் தாவிப் பார்த்தால் காணாமல்போன ஃபாரம் உடனே பிடிபடும். நாவலில் கடைசி ஃபாரம் இல்லாவிட்டால் தயங்காமல் கழித்துவிடுங்கள். முடிவு இல்லாத காதல் கதையை வாசகர் கையில் கொடுப்பது பாவம். பாட்டுப் புத்தகத்திலும் முதலில் உதிர்வது கடைசி ஃபாரம்தான், ஆனால் அங்கே இழப்பு வேறு மாதிரியானது. பாட்டு முதற்குறிப்பு அகராதி இருப்பது அங்கேதான். அது போனால் எண் தெரிந்தவர் மட்டுமே பாட்டைக் கண்டுபிடிக்க முடியும்.

அந்தப் பக்கங்களை வேறு பிரதியிலிருந்து நகல் எடுத்துச் சேர்க்கலாமா? 1957-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு ஒரு வழி விடுகிறது. இந்தியாவில் விலைக்குக் கிடைக்காத புத்தகத்தை, வணிக நோக்கமில்லாத பொது நூலகம் ஒன்று தன் பயன்பாட்டுக்காக 3 நகல் வரை எடுத்துக்கொள்ளலாம். இசைத் தாள்களும் இதில் அடங்கும். கடையில் கிடைக்கும் புத்தகத்துக்கு இந்த விலக்கு பொருந்தாது. புதுப் பிரதி வாங்குங்கள்.

3. சேர்க்கைப் பதிவேடு

நீள நோட்டில் இடமிருந்து வலமாக இந்தப் பத்திகளைக் கோடு போட்டுக்கொள்ளுங்கள்: சேர்க்கை எண், தேதி, ஆசிரியர், தலைப்பு, பாகம், பதிப்பும் ஆண்டும், பதிப்பகமும் ஊரும், பக்கம், விலை, வந்த வழி, வகை எண், குறிப்பு. கடைசிப் பத்தியை அகலமாக விடுங்கள். இவற்றில் அதுதான் அதிகம் நிரம்பும்.

ஒரு பிரதிக்கு ஓர் எண். 20 பாட்டுப் புத்தகம் என்றால் 20 எண். ஒரு புத்தகம் தொலைந்தாலும் கழிக்கப்பட்டாலும் அதன் எண்ணை இன்னொன்றுக்குக் கொடுக்கவே கூடாது. பிறகு இரவல் நோட்டில் பழைய வரிகள் எந்தப் புத்தகத்தைச் சொல்கின்றன என்றே தெரியாமல் போகும். எண்ணைத் தலைப்புப் பக்கத்தின் பின்புறமும், எல்லாப் புத்தகத்துக்கும் பொதுவாக நீங்கள் முடிவு செய்த ஓர் உள்பக்கத்திலும், உதாரணமாக 25-ஆம் பக்கத்தின் அடியிலும், எழுதி முத்திரை குத்துங்கள். முன்பக்கத்தைக் கிழித்துவிட்டாலும் புத்தகம் யாருடையது என்று அந்த உள்பக்கம் சொல்லும். இசைக்குறி உள்ள பக்கத்தில் முத்திரை சுரங்களின் மேல் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆண்டு அச்சாகாத பழைய புத்தகங்கள் நிறைய வரும். அதில் ஐஎஸ்பிஎன் (புத்தகத்துக்கான பன்னாட்டு எண்) இருந்து 13 இலக்கமாக இருந்தால், 2007-க்குப் பிந்தைய அச்சு என்று ஏறக்குறைய நம்பலாம். 978-81, 978-93 என்று தொடங்கினால் இந்தியப் பதிப்பகம். முன்னுரையின் அடியில் உள்ள தேதியும் உதவும். அப்படி ஊகித்த ஆண்டுக்குப் பக்கத்தில் கேள்விக்குறி போடுங்கள். ஊகத்தை உண்மை போல எழுதி வைத்தால் பின்னால் வருகிறவர் அதை நம்பிவிடுவார்.

4. வகை எண்: இங்கேதான் நேரம் செலவழிக்க வேண்டும்

சீர்காழியில் 1892-இல் பிறந்து, கணித ஆசிரியராக இருந்து, 1924-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகராக வந்த எஸ்.ஆர். ரங்கநாதன், 1931-இல் நூலகத்துக்கான ஐந்து விதிகளை வெளியிட்டார். அவற்றில் ஒன்று வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்தச் சொல்கிறது. வகை எண், அதாவது புத்தகம் எந்தப் பொருளைச் சேர்ந்தது என்று காட்டும் எண், போடும்போது சந்தேகம் வந்தால் அந்த விதியைக் கையில் எடுங்கள். இப்படி எண்ணிட அவர் வகுத்த கோலன் பகுப்பு என்னும் முறை அழகானது, ஆனால் பயிற்சி கேட்கும். தன்னார்வலர்கள் மாறி மாறி வேலை செய்யும் இடத்துக்கு இன்னொரு முறையான டியூயி தசமப் பகுப்பு எளிது. இங்கே அதன் எண்களையே தருகிறோம்.

புலனாய்வு நூலில் முதல் தவறு, 'புலனாய்வு' என்று ஒரு தட்டு வைப்பது. டியூயியில் அது ஒரு பொருள் அல்ல, எழுதும் முறை. புத்தகம் எதைப் பற்றியதோ அங்கே அது போக வேண்டும். லஞ்சம் பற்றியது 364.1323, கொலை வழக்கு 364.152, ஆபத்தான ரசாயனங்களால் நேர்ந்த விபத்து 363.17. நிருபர்களுக்கான கைநூல், அதாவது எப்படிப் புலனாய்வு செய்வது என்று கற்றுத் தருவது மட்டுமே 070.43-க்குப் போகும்.

சில புத்தகங்கள் எளிதில் பிடிகொடுக்காது. 1968 டிசம்பர் 25 அன்று 44 பேர் எரித்துக் கொல்லப்பட்ட கீழ்வெண்மணியைப் பற்றிய விசாரணை நூலை எங்கே வைப்பது? குற்றம் என்று 364.152-இல் வைக்கலாம், சமூகப் படிநிலை என்று 305.5-இல் வைக்கலாம், தமிழ்நாட்டு வரலாறு என்று 954.82-இல் வைக்கலாம். பொருளடக்கத்தைத் திறந்து இயல்களை எண்ணுங்கள். கூலிப் போராட்டத்துக்கும் சாதிக்கும் அதிக இயல்கள் போயிருந்தால் 305.5. வழக்கு, சாட்சியம், தீர்ப்பு என்றே போனால் 364.152. மற்ற இரண்டு எண்களையும் விட்டுவிடாமல், அந்த எண்களின் கீழ் ஒவ்வொரு பட்டியல் அட்டை (புத்தகத்தின் விவரம் எழுதி வரிசையாக அடுக்கும் அட்டைத் துண்டு) எழுதி, புத்தகம் இருக்கும் இடத்தைக் குறிப்பிடுங்கள்.

இப்படிச் செய்தால் புலனாய்வு நூல்கள் தட்டு முழுக்கச் சிதறிவிடுமே என்று கேட்பீர்கள். சிதறும். அதற்கு முதுகில் ஒரு சிவப்புப் பொட்டு ஒட்டுங்கள். அந்த வகையை விரும்பிப் படிப்பவர் பொட்டைப் பார்த்து எடுத்துக்கொள்வார்.

பாட்டுப் புத்தகத்தில் கேள்வி ஒன்றுதான்: உள்ளே சொல் மட்டுமா, இசைக்குறியும் உண்டா? கிறிஸ்தவ வழிபாட்டுப் பாடல்களின் சொல் மட்டும் என்றால் 264.23. ஐந்துகோட்டு இசைக்குறியோ ட, ர, ம என்ற எழுத்துக் குறியோ இருந்தால் 782.27. ஒரே பாட்டுகள், ஒரே பெயர், ஆனால் இரண்டு தட்டு. இதைக் கவனிக்காமல் விட்டால் ஆர்கன் வாசிப்பவர் சொற்புத்தகங்களுக்கு நடுவே தேடித் தேடிச் சலித்துப் போவார்.

தேவாரத்துக்கு நூல் வகைப்பாடு மூன்று இடம் தருகிறது: சைவம் என்றால் 294.5513, தமிழ்க் கவிதை என்றால் 894.8111, இசை என்றால் 781.69. இங்கே புத்தகத்தைவிட வாசகரைப் பாருங்கள். கோயிலில் ஓதுவதற்காக எடுப்பவர்கள் அதிகம் என்றால் முதல் எண். கல்லூரி மாணவர்கள் அதிகம் என்றால் இரண்டாவது. சுரக் குறிப்போடு அச்சானது மட்டும் மூன்றாவது. எதை முடிவு செய்தாலும் ஏழு திருமுறைகளும் ஒரே இடத்தில் இருக்கட்டும்: 1 முதல் 3 வரை சம்பந்தர், 4 முதல் 6 வரை அப்பர், 7 சுந்தரர். பெட்டியில் ஏழாவது மட்டும் வந்திருந்தால் 'பாகம்' பத்தியில் அதை எழுதி, தட்டில் மற்ற ஆறுக்கும் இடம் விடுங்கள்.

இன்னொன்றையும் பாருங்கள். தேவாரப் பதிப்புகள் இரண்டு விதமாக அடுக்கப்படுகின்றன. பண்முறைப் பதிப்பில் ஒரே பண்ணில் அமைந்த பதிகங்கள் சேர்ந்திருக்கும். தலமுறைப் பதிப்பில் ஒரே ஊருக்கு உரிய பதிகங்கள் சேர்ந்திருக்கும்; அங்கே சிதம்பரத்திலிருந்து தொடங்குவது வழக்கம். "எங்க ஊர்ப் பதிகம் எது?" என்று கேட்பவருக்குத் தலமுறை வேண்டும், பாடப் பழகுகிறவருக்குப் பண்முறை வேண்டும். இந்த ஒரு சொல்லைக் குறிப்புப் பத்தியில் எழுதாத பதிவேடு பாதிப் பதிவேடுதான்.

நாவலுக்கு விதி சுலபம். கதை எந்த நாட்டில் நடக்கிறது என்பது கணக்கில்லை. எந்த மொழியில் முதலில் எழுதப்பட்டது என்பதே கணக்கு. தமிழ் நாவல் 894.8113. பிரெஞ்சு 843, ருஷ்ய மொழி 891.73. ஆங்கிலத்தில் மட்டும் இரண்டு எண்: பிரிட்டிஷ் நாவல் 823, அமெரிக்க நாவல் 813. இரண்டாம் உலகப் போரில் நடக்கும் காதல் கதையை 940.53-இல், போர் வரலாற்றுக்கு நடுவே வைத்துவிடுவது அடிக்கடி நடக்கும் பிழை. அட்டையில் விமானமும் தொப்பியும் இருப்பதைப் பார்த்து ஏமாறாதீர்கள்.

விதிப்படி, ருஷ்ய நாவலின் தமிழ் மொழிபெயர்ப்பும் 891.73-க்குத்தான் போக வேண்டும். ஆயிரம் புத்தகத்துக்குக் குறைவான படிப்பகத்தில் இந்த விதியை மீறலாம் என்பது எங்கள் கருத்து. தமிழில் படிக்க வருகிறவர் தமிழ் நாவல் தட்டுக்குத்தான் வருவார். மொழிபெயர்ப்பையும் அங்கேயே வைத்து, லேபிளில் 'மொ' என்று ஓர் எழுத்துச் சேருங்கள். மீறுவதாக முடிவு செய்தால் எல்லாப் புத்தகத்துக்கும் மீற வேண்டும். பாதிக்கு ஒன்று பாதிக்கு ஒன்று என்றால் இரண்டு தட்டும் கெடும்.

5. அகர வரிசை என்னும் கண்ணி

ஒரே எண்ணுக்குள் ஆசிரியர் பெயரின் வரிசையில் அடுக்க வேண்டும். தலைப்பெழுத்தை விட்டுவிட்டுப் பெயரின் முதல் எழுத்தை எடுங்கள். புனைபெயர் என்றால் தலைப்புப் பக்கத்தில் அச்சான பெயரே. இயற்பெயருக்கு 'காண்க' என்று ஒரு பட்டியல் அட்டை.

வரிசை தமிழ் அகராதி வரிசையாக இருக்க வேண்டும். மெய் முன், உயிர்மெய் பின். ஆகவே 'அக்கா' முதலில், 'அகம்' பிறகு. ஜ, ஷ, ஸ, ஹ ஆகியவை ன-வுக்கும் பிறகு, கடைசியில் வரும். பட்டியலைக் கணினியில் வைத்திருப்பவர்கள் இங்கே கவனமாக இருங்கள். யூனிகோடு குறியெண்படி அடுக்கும் மென்பொருளில் ஜ என்பது ச-வுக்கும் ஞ-வுக்கும் நடுவே வரும். ன என்பது ந-வை ஒட்டி வரும். ற என்பது ர-வை ஒட்டி வரும். புள்ளி, உயிர்க்குறிகளுக்குப் பிறகு வருவதால் 'அகம்' முந்திக்கொள்ளும். உங்கள் மென்பொருளைச் சோதிக்க அக்கா, அகம், ஜனனி, ஞானம், பானை, நனை என்று ஆறு சொல்லை உள்ளிட்டு அடுக்கச் சொல்லுங்கள். அக்கா, அகம், ஞானம், நனை, பானை, ஜனனி என்று வந்தால் சரி. இல்லாவிட்டால் தட்டு ஒரு வரிசை, பட்டியல் ஒரு வரிசையாகிவிடும்.

லேபிளை முதுகின் அடியிலிருந்து 2.5 செ.மீ. உயரத்தில், எல்லாவற்றிலும் ஒரே மட்டமாக ஒட்டுங்கள். மேல் வரியில் வகை எண், கீழ் வரியில் பெயரின் முதல் இரண்டு எழுத்து.

6. செப்பனிடுதல்

பாட்டுப் புத்தகம் எப்போதும் முதுகில் உடையும். பசை மட்டும் போட்டு ஒட்டிய பெர்ஃபெக்ட் பைண்டிங், விரித்து வைப்பதைத் தாங்காது. பைண்டரிடம் கொடுக்கும்போது "ஃபாரம் தையல் போட்டு, தட்டையா விரியணும்" என்று சொல்லிக் கொடுங்கள். ஏற்கெனவே முதுகை அறுத்து ஒட்டிய புத்தகத்தில் ஃபாரமே இருக்காது. அப்போது பைண்டர் ஓரத்தில் துளை போட்டுப் பக்கத் தையல் போட்டுவிடுவார். அதனால் உள் ஓரத்தில் ஒரு செ.மீ. போய்விடும்; இசைக்குறி உள்ள புத்தகத்தில் வரியின் முதல் சுரங்களே மறைந்துவிடலாம். அப்படிப்பட்ட புத்தகத்தைத் தைக்காமல், விசிறி போல விரித்துப் பசை ஏற்றி ஒட்டச் சொல்லுங்கள்.

கிழிந்த பக்கத்துக்கு செல்லோடேப் வேண்டவே வேண்டாம். சில ஆண்டுகளில் டேப் உரிந்து, பசை மட்டும் பழுப்பாக ஊறித் தாளோடு தங்கிவிடும். கோதுமை ஸ்டார்ச் 1 பங்குக்குத் தண்ணீர் 5 பங்கு சேர்த்துக் கரைத்து, சிறு தீயில் கைவிடாமல் கிளறுங்கள். 20 நிமிடத்தில் பால் நிறம் மாறிக் கண்ணாடி போலத் தெளியும். ஆறியதும் மெல்லிய துணியில் வடிகட்டுங்கள். இரண்டு மூன்று நாளுக்கு வேண்டியதை மட்டும் காய்ச்சுங்கள். பூச்சி வராமலிருக்கப் பசையில் மயில்துத்தம் சேர்ப்பது பழைய வழக்கம். அது நஞ்சு, அதோடு செம்புச் சத்து தாளை அரிக்கவும் செய்யும். கிழிசலின் இரு ஓரத்தையும் பொருத்தி, மிக மெல்லிய கைத்தாள் பட்டையைக் கையால் கிழித்து (கத்தரித்த நேர் ஓரம் பின்னால் மடிந்து உடையும்) பசை தடவி ஒட்டி, இருபுறமும் மெழுகுத்தாள் வைத்து, கனம் ஏற்றி ஓர் இரவு விடுங்கள்.

போர்க்கால நாவல்கள் தனிக் கவனம் கேட்பவை. பிரிட்டனில் தாள் பங்கீடு வந்து, 1942-இல் பதிப்பகங்கள் சிக்கன ஒப்பந்தத்துக்குக் கட்டுப்பட்டு அச்சிட்டன. மெல்லிய தாள், பொடி எழுத்து, ஒடுங்கிய ஓரம். திறந்த புத்தகத்தின் மேல் சிங்கம் அமர்ந்திருக்கும் சின்னம் இருந்தால் அது அந்தக் காலத்துப் பிரதி. அமெரிக்கா 1943 முதல் 1947 வரை தன் படைவீரர்களுக்காக 1,322 தலைப்புகளில் 12 கோடிக்கும் மேற்பட்ட பிரதிகளை அச்சிட்டது. சட்டைப் பையில் செருகும் அளவு, நீளத்தைவிட அகலம் அதிகம், முதுகில் கம்பித் தையல். அந்தக் கம்பி துருப்பிடித்துச் சுற்றியுள்ள தாளைத் தின்றுவிடும். மழுங்கிய கத்தி முனையால் கம்பியின் கால்களை நிமிர்த்தி, இழுக்காமல் பின்புறமாகத் தள்ளி எடுத்து, அதே துளையில் பருத்தி நூல் கோத்துக் கட்டுங்கள். இப்படிப்பட்ட பிரதிகளின் பக்க மூலையை ஒரு முறை மடித்துப் பாருங்கள் என்று சிலர் சொல்வார்கள், செய்யாதீர்கள். ரஸ்க் போல உடைந்து கையோடு வரும். உறையில் போட்டு உள்ளேயே படிக்கக் கொடுங்கள்.

7. அலமாரி

தட்டின் அகலம் 90 செ.மீ.-க்கு மேல் போனால் நடுவில் தொய்யும். ஆழம் 25 செ.மீ., தட்டுக்குத் தட்டு இடைவெளி 28 செ.மீ. இருந்தால் டெம்மி, கிரவுன் என்னும் இரண்டு அளவுப் புத்தகங்களும் அடங்கும். கீழ்த்தட்டு தரையிலிருந்து 15 செ.மீ. மேலே, அலமாரி சுவரிலிருந்து 5 செ.மீ. தள்ளி. ஐப்பசி மழையில் சுவர் ஈரம் இழுப்பதும் கரையான் ஏறுவதும் இந்த 5 செ.மீ.-இல்தான் தடுக்கப்படும். மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் அடைக்காதீர்கள்; 90 செ.மீ. தட்டில் சராசரி கனமுள்ள 30 புத்தகம்.

8. பட்டியல் அட்டையில் எழுத வேண்டிய ஒரு வரி

தலைப்பும் ஆசிரியரும் எல்லாப் பட்டியல் அட்டையிலும் இருக்கும். அதற்குக் கீழே வகைக்கேற்ப ஒரு வரி சேருங்கள். வாசகரின் கேள்விக்குப் பதில் சொல்வது அந்த வரிதான்.

புலனாய்வு நூலுக்கு: நிகழ்ச்சி, இடம், நாள், அதோடு புத்தகம் எந்த ஆண்டு வரை அறியும். போபாலை எடுத்துக்கொள்ளுங்கள். விஷவாயு கசிந்தது 1984 டிசம்பர் 2-3 இரவு. 47 கோடி டாலர் இழப்பீட்டு உடன்பாடு 1989-இல். யூனியன் கார்பைடு நிறுவனத்தின் இந்திய அதிகாரிகளுக்குக் கீழ்நீதிமன்றம் தண்டனை சொன்னது 2010 ஜூனில். 1986-இல் வந்த நூலுக்கு உடன்பாடு தெரியாது. 1995-இல் வந்த நூலுக்குத் தண்டனை தெரியாது. '1986 வரை' என்று எழுதி வைத்தால், அதை மட்டும் படித்துவிட்டு "யாருக்கும் தண்டனையே இல்லை" என்று மாணவர் கட்டுரை எழுதுவதைத் தடுக்கலாம். கூடவே மூன்றைப் பார்த்துக் குறியுங்கள்: சான்றுக் குறிப்புகள் உண்டா, சொல்லடைவு உண்டா, குற்றம் சாட்டப்பட்டவரின் பதில் இடம்பெற்றிருக்கிறதா. மூன்றும் இல்லாத நூலைக் கழிக்க வேண்டாம், ஆனால் வாசகருக்கு அது தெரிய வேண்டும்.

பாட்டுப் புத்தகத்துக்கு: பதிப்பு, மொத்தப் பாட்டு எண்ணிக்கை, இசைக்குறியின் வகை, எந்தெந்த அடைவுகள் உள்ளன. கீர்த்தனைத் தொகுப்பில் பாட்டின் தலைப்பில் ராகமும் தாளமும் கொடுத்திருக்கிறார்களா என்று பாருங்கள். மேல்நாட்டு மெட்டுப் பாடல்களில் 8.6.8.6, 8.7.8.7 போன்ற எண்கள் இருக்கும். ஒவ்வோர் அடியிலும் எத்தனை அசை என்பதைச் சொல்பவை அவை. இந்த அசை அளவுப்படி பாட்டுகளைப் பட்டியலிடும் அடைவு இருக்கும் புத்தகம் தனி மதிப்புள்ளது. குழுவுக்குத் தெரியாத மெட்டுள்ள பாட்டை, அதே அளவுள்ள தெரிந்த மெட்டில் பாட அதுதான் வழி காட்டும். ஆனால் எண் ஒத்துப்போனாலும் அழுத்தம் விழும் இடம் ஒத்துப்போகிறதா என்று முதல் இரண்டு அடியை முணுமுணுத்துப் பார்த்த பிறகே முடிவு செய்ய வேண்டும்.

போர்க்கால நாவலுக்கு: எந்தப் போர், எந்த முனை, எந்த ஆண்டுகள். 'இரண்டாம் உலகப் போர், பர்மா, 1941-42' என்றால் போதும். "இதே மாதிரி வேற" என்று கேட்பவருக்கு இந்த வரியைப் பிடித்துக்கொண்டு அடுத்த புத்தகத்தை எடுத்துத் தரலாம். இன்னொரு சிறு வேலை, நேரம் இருந்தால் செய்யுங்கள். பின் அட்டையின் உட்புறம் ஒரு காலவரிசைச் சீட்டு ஒட்டுங்கள்:

1941 டிசம்பர் 8: ஜப்பானியர் மலாயாவில் இறங்கினர்
1942 பிப்ரவரி 15: சிங்கப்பூர் வீழ்ந்தது
1942 மார்ச் 8: ரங்கூன் வீழ்ந்தது
1942 ஏப்ரல் 5, 9: கொழும்பிலும் திருகோணமலையிலும் குண்டுவீச்சு, அந்த மாதம் சென்னையை விட்டு மக்கள் வெளியேறினர்
1943 அக்டோபர்: சயாம்-பர்மா ரயில் பாதை, 415 கி.மீ., முடிந்தது
1945 ஆகஸ்ட் 15: ஜப்பான் சரண்

கதையில் கடிதம் ஏன் நின்றது, நாயகி ஏன் திடீரென்று ஊரைவிட்டுப் போகிறாள் என்பது இந்த ஆறு வரியில் துலங்கும். சீட்டைப் பின் அட்டையில் ஒட்டச் சொல்வதற்குக் காரணம் உண்டு. முன் அட்டையில் ஒட்டினால் கதையின் திருப்பத்தை முன்கூட்டியே சொல்லிவிடும்.

9. இரவலும் கணக்கெடுப்பும்

நாவலுக்கு 14 நாள். பாடகர் குழுவுக்குப் பாட்டுப் புத்தகத்தைக் கட்டாகக் கொடுக்கும்போது, சேர்க்கை எண்களை '411 முதல் 430 வரை' என்று எழுதி, ஒரே ஒருவரிடம் கையெழுத்து வாங்குங்கள். நான்கு பேர் ஆளுக்கு ஐந்தாக வாங்கினால் திரும்பி வருவது 17 ஆக இருக்கும். சான்றுக் குறிப்புகள் உள்ள புலனாய்வு நூல் ஒரே பிரதிதான் இருக்கிறது என்றால், வார நாளில் உள்ளே படிக்கவும் சனிக்கிழமை மாலை முதல் திங்கள் காலை வரை வீட்டுக்குக் கொண்டுபோகவும் விடலாம்.

ஆண்டுக்கு ஒரு முறை, மழைக்கு முன்னால், செப்டம்பரில் கணக்கெடுங்கள். ஒருவர் பதிவேட்டை வாசிக்க, ஒருவர் தட்டிலிருந்து எடுத்து 25-ஆம் பக்கத்து எண்ணைச் சரிபார்க்க வேண்டும். டிசம்பரில் எடுத்தால் பாட்டுப் புத்தகம் பாதி வெளியில் இருக்கும். இல்லாததைப் பென்சிலால் சுழியுங்கள். அடுத்த ஆண்டும் காணவில்லை என்றால் சிவப்பு மையால் கோடிட்டு, குறிப்புப் பத்தியில் தேதி போட்டு, அதற்குரிய எல்லா அட்டைகளையும் அன்றே எடுத்துவிடுங்கள்.